சீசருக்கு ஜூலி என்ன முறை?

கும்மிடிப்பூண்டி,
புரட்டாசி 14, செவ்வாய்க்கிழமை.

உயர்திரு பரசுராமன் ஐயா அவர்களுக்கு, பாக்கியநாதன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி ரோசம்மாள், மகன் இம்மானுவேல், மருமகள் ஏஞ்சல், எங்கள் ஜூலி, அவள் வயிற்றில் இருக்கும் ஆறு பேர், ஆகப் பதினொரு பேரும் மாதா புண்ணியத்தில் சுகம். அங்கே தாங்களும், தங்கள் வீட்டுக்காரம்மா லட்சுமியம்மாளும், கறவை மாடுகளும், நடவு முடிந்த வயலும், மாப்பிள்ளை சீசரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மாப்பிள்ளை என்ற சொல் வேண்டாம் என்று ஏஞ்சல் சொன்னாள். சொல்வதற்குள் எழுதிவிட்டாள். பேனாவில் எழுதியதை அழிக்க முடியாது, மன்னிக்கவும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது தங்கள் வீட்டுக்குத் தங்கள் அப்பா காலத்திலிருந்தே தெரியும். நான் சொல்லச் சொல்ல ஏஞ்சல் எழுதுகிறாள். என் பேச்சை அவள் பள்ளிக்கூடத் தமிழில் திருத்திப் போடுகிறாள். ஆனால் யார் யார் என்ன பேசினார்கள் என்று வரும் இடங்களில் மட்டும் பேசியது பேசியபடியே இருக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பேச்சை மாற்றினால் அப்புறம் அது சாட்சி ஆகாது.

விஷயம் ஒரே ஒரு கையெழுத்து. தங்கள் பீரோவில் இருக்கும் ஃபாரத்தில், 'ஆண் நாயின் உரிமையாளர்' என்ற கட்டத்தில், அது விழவேண்டும். விழாவிட்டால் சென்னையில் உள்ள நாய்ப் பதிவுச் சங்கம் ஆறு குட்டிகளையும் ஏட்டில் ஏற்றாது. நாய்களைப் பார்க்கும் டாக்டர் பூமிகா கொடுத்த கணக்குப்படி வருகிற ஞாயிற்றுக்கிழமை அறுபத்து மூன்றாவது நாள், குட்டி போடும் நாள். ஆகவே கோபத்தைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, நடந்ததை நடந்த வரிசையில் கேட்கவேண்டும். எனக்கு வரிசை மறக்காது.

இம்மானுவேல் வேலை செய்யும் கம்பெனியில் இருந்த வடநாட்டு அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, ஜூலியை ஏஞ்சல் பேரில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். காகிதத்தில் ஜூலிக்கு ஒரு வரி முழுக்க நீளும் இங்கிலீஷ் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன், அவள் திரும்பவே இல்லை. ஏஞ்சல் எட்டு வருடம் இங்கே ஒரு ஒயர் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை செய்தவள். முதுகெலும்பில் தட்டு நகர்ந்துவிட்டது, இனி நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு மூன்று மாதம் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பெண், ஜூலி வந்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தாள். நல்ல ஜாதிக் குட்டிகளைக் காகிதத்தோடு வளர்த்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்கு ஒரு யோசனை. இங்கே கம்பெனி அதிகாரிகள் நிறையப் பேர். காகிதம் இல்லாத குட்டியை அவர்கள் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. முதல் ஈற்றே காகிதம் இல்லாமல் போனால் அடுத்த முறை இந்த வாசலை யாரும் மிதிக்கமாட்டார்கள். இந்தப் பத்தியை எழுதமாட்டேன் என்று ஏஞ்சல் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதாவிட்டால் சாப்பிடமாட்டேன் என்றேன். எழுதுகிறாள்.

ஊத்துக்கோட்டைப் பக்கம் பதிவு செய்த கறுப்பு லேப்ரடார் ஆண் நாய் ஒன்று இருப்பதாக டாக்டர் பூமிகாதான் சொன்னார். ஊர்ப் பெயரையும் வீட்டையும் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஊட்லயா?" என்பதுதான். நாள் தவறக்கூடாது, பருவம் தொடங்கிய பதினோராம் நாள் பெண்ணைக் கொண்டுபோகவேண்டும் என்றார். பதினோராம் நாள் எண்ணிப் பார்த்தால் ஆடிப் பதினெட்டு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. பெரியபாளையம் வழியாக அன்றைக்குக் கூட்டத்தில் எறும்புகூடப் போகமுடியாது, நாங்கள் லேப்ரடாரோடு ஷேர் ஆட்டோவில் போனோம். கோயிலுக்கு எதிரே வண்டி ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. வேப்பிலை கட்டிய ஓர் அம்மா தலையை உள்ளே விட்டு, "இன்னாம்மா, நாய்க்கா வேண்டுதலு?" என்று கேட்டார். ஏஞ்சலும் சளைக்காமல், "ஆமாக்கா, புள்ள வரம்" என்றாள். அந்த அம்மா சிரிப்பார் என்று பார்த்தால், சிரிக்காமல் ஜூலி நெற்றியில் குங்குமம் வைத்து, "பவானியாத்தா குடுப்பா, கவலப்படாத" என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். தங்கள் வாசலில் ஜூலி குங்குமத்தோடு வந்து இறங்கியதற்குக் காரணம் இதுதான். நாங்கள் வேண்டுமென்று வைத்து அழைத்து வரவில்லை.

அங்கே வந்தால் அம்மா லட்சுமியம்மாள் குறுக்கே நின்றுவிட்டார். "ஆடி மாசத்துல எவனாவது புருசன் பொண்டாட்டிய சேத்து வப்பானா? போய்ட்டு ஆவணியில வாங்க" என்றார். ஆவணி வரைக்கும் ஜூலியின் உடம்பு காத்திருக்காது என்று இம்மானுவேல் வெட்கப்பட்டுக்கொண்டு எடுத்துச் சொன்னான். அம்மா கேட்கவில்லை. அப்போது நான்தான் கேட்டேன், "ஆடியில சேத்தா சித்திர வெயில்ல புள்ள பொறக்கும், தாய்க்குத் தாங்காதுன்னுதான பிரிச்சி வக்கறாங்க? நாய்க்கு ரெண்டே மாசம் மூணு நாளு. புரட்டாசியில பொறந்துடும். புரட்டாசியில ஏதும்மா வெயிலு?" அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "இந்த மனுசன் வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். தாங்கள் அப்போது வரப்பில் இருந்தீர்கள்.

வந்த காரியம் நல்லபடி முடிந்தது. அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். பன்னிரண்டு வயதில் தங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன், இப்போது எழுபத்து நாலு. அந்த வீட்டுக்கு உள்பக்கச் சுவர் என்ன நிறம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பச்சை. நான் இத்தனை வருடமாக வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காபியின் சூட்டிலும் சந்தோஷத்திலும், தாங்கள் உள்ளே வந்ததும் எழுந்து, "அப்ப நாங்க பொறப்படறோம் சம்பந்தி" என்று சொல்லிவிட்டேன். அம்மா சிரித்தார். ஆட்டோக்காரர் சிரித்தார். தாங்கள் சிரிக்கவில்லை. பெண் எடுத்த வீட்டையும் கொடுத்த வீட்டையும் வேறு எந்தச் சொல்லால் கூப்பிடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தால் எழுதவும், மாற்றிக்கொள்கிறேன்.

ஒரு மாதம் கழித்து ஜூலியை ஸ்கேன் பார்த்து உறுதி செய்தார்கள். ஃபாரம் நிரப்பவேண்டும் என்று ஏஞ்சல் இரண்டு வம்சாவளிக் காகிதத்தையும் செல்போனில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜூலி காகிதம் எங்களிடம் இருக்கிறது, சீசர் காகிதத்தை அன்றைக்கே அவள் படம் பிடித்து வந்திருந்தாள். மூன்று தலைமுறைக்கு அப்பன் பேர், ஆத்தா பேர் எல்லாம் போட்டிருக்கிறது என்று கேட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பேராகப் படிக்கச் சொன்னேன். ஒருமுறைதான் படித்தாள். எனக்கு ஒருமுறை போதும். தங்கள் வீட்டு மாடுகளுக்குக் காகிதம் கிடையாது, நான் இருந்தேன். செவலைப் பசு யார் மகள், அதன் ஆத்தா எந்தச் சந்தையில் வாங்கியது, எந்தக் காளையை அதன் பக்கம் விடக்கூடாது என்று யாராவது கேட்டால் தங்கள் அப்பா என்னைத்தான் கூப்பிடுவார், "டேய் பாக்கியம், இவருக்குச் சொல்றா." சொல்வேன். வாங்க வந்தவர் நம்பிவிடுவார். தங்கள் அப்பா என்னை டா போட்டுக் கூப்பிட்டார், தாங்கள் யா போட்டுக் கூப்பிடுகிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. அடுத்த தலைமுறையில் என்ன வரும் என்று தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

ஏஞ்சல் படித்து முடித்ததும் இரண்டு வம்சத்தையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜூலியின் அப்பனுக்கு அப்பன் தண்டர் என்று ஒரு நாய். சீசரின் அப்பன் பாரன், அவனுக்கும் அப்பன் அதே தண்டர். அப்படியென்றால் ஜூலியின் அப்பனும் சீசரின் அப்பனும் அண்ணன் தம்பி. சீசர் ஜூலிக்குப் பெரியப்பா மகன். பெண் வயிற்றில் முப்பது நாள் பிள்ளை இருக்கிறது, இப்போது போய் அண்ணன் தங்கை முறை என்று தெரியவருகிறது! "இன்னா காரியம் செஞ்சிட்டோம்மா ஏஞ்சலு" என்றேன். "மாமா, அதுங்க நாய் மாமா" என்றாள் ஏஞ்சல். நாய் என்றால் முறை இல்லையா? முறை பார்க்காதவர்கள் எதற்காக மூன்று தலைமுறை எழுதி வைக்கிறார்கள்?

சரி, மேலிடத்தில் கேட்டுவிடுவோம் என்று சங்கத்துக்குப் போன் போட்டுத் தரச் சொன்னேன். எனக்கு இதில் அனுபவம் உண்டு. ரோசம்மாள் எனக்குச் சொந்த அத்தை மகள். ஊர்க்காரர்களுக்கு அதைவிட நல்ல சம்பந்தம் கிடையாது, மாதா கோயில் சட்டத்துக்கோ அதைவிடப் பெரிய தடை கிடையாது. பங்குச் சாமியார் என்னை உட்காரவைத்து வம்சத்தைச் சொல்லச் சொல்லி, படம் போட்டு, மேலிடத்து ஆயருக்கு அனுப்பி, பதினேழு நாள் கழித்து உத்தரவு வந்த பிறகுதான் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார். அதுபோல நாய்களுக்கும் ஓர் உத்தரவு வாங்கிவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்தேன். போனை ஓர் அம்மா எடுத்தார்.

"மேடம், பொண்ணும் புள்ளையும் பங்காளி ஊடு. தெரியாம நடந்துபோச்சு. இதுக்கு உங்க மேலிடத்துல உத்தரவு தருவாங்களா?"

"யாரு சார் பொண்ணு?"

"ஜூலி."

"சார், இது நாய்ப் பதிவு ஆபீஸ். நீங்க கல்யாண ரிஜிஸ்டருக்குப் போன் பண்ணணும்."

"கல்யாணம்லாம் ஆவல மேடம். புள்ளத்தாச்சியா கீது."

ஏஞ்சல் போனைப் பிடுங்கி விஷயத்தைச் சொன்னாள். "அதுக்கெல்லாம் பெர்மிஷன் தேவையில்ல. ரெண்டு ஓனர் கையெழுத்தும், அடித்தல் திருத்தல் இல்லாத ஃபாரமும் இருந்தா போதும்" என்று சொல்லி அந்த அம்மா போனை வைத்துவிட்டார். டாக்டர் பூமிகாவிடமும் கேட்டேன். "நல்ல குணம் நிக்கணும்னு தெரிஞ்சேதான் சொந்தத்துல சேப்பாங்க தாத்தா. ரொம்ப நெருங்கினாதான் கஷ்டம்" என்றார். குணம் அப்பன் வழியாக வருமா ஆத்தா வழியாக வருமா என்று கேட்டேன். ரெண்டு வழியிலும் வரும் என்றார். அப்படியானால் எங்கள் இம்மானுவேலுடைய கோபம் எந்த வழி என்று கேட்டேன். அடுத்த நாயைக் கூப்பிட்டுவிட்டார்.

இதற்குப் பிறகுதான் நான் தங்கள் வீட்டுக்கு ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வந்தது. வழியெல்லாம் இம்மானுவேல், "நைனா, கையெழுத்து மட்டும் வாங்கிக்கினு வந்துடலாம், வாயத் தொறக்காத" என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஆனால் தெரிந்த ஒன்றை மறைத்துக் கையெழுத்து வாங்கினால் அது திருட்டு. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியவேண்டாமா? தாங்கள் உரக்கடைக்காரர் இரண்டு பேரோடு வாசலில் உட்கார்ந்திருந்தீர்கள். அவர்கள் எதிரில் சொன்னது என் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொன்னது இதுதான், ஒரு வார்த்தை கூடவும் இல்லை குறையவும் இல்லை: "ஐயா, கையெழுத்து போடறதுக்கு முன்னால ஒரு விசயம். உங்க சீசரும் எங்க ஜூலியும் ஒரே பாட்டன் பேரப்புள்ளைங்க. பங்காளி ஆவுது."

தாங்கள் சொன்னது: "இன்னாய்யா பாக்கியம், காலங்காத்தால பேஜாரு பண்ணிக்கினு கீற? எங்க சீசரு பரம்பரைய நீ பேசறியா? உசந்த ஜாதி நாயிய்யா அது!"

நான் சொன்னது: "உசந்ததுதாங்க. ஜூலியும் அதே ஜாதிதாங்க. அதானுங்க இப்ப பிரச்சினையே."

உரக்கடைக்காரர்கள் சிரித்தார்கள். நான் அவர்களைச் சிரிக்கச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன். தாங்கள் ஃபாரத்தை வாங்கிக்கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டி, "பங்காளின்னு சொன்னல்ல, அப்ப கையெழுத்து எதுக்கு? போ" என்றீர்கள். திரும்பி வரும்போது இம்மானுவேல் எளாவூர்க்காரர் ஒருவரின் லாரியில் என்னை ஏற்றிவிட்டு, அவன் தனியாகப் பஸ்ஸில் வந்தான். ஐந்தாம் நாள் பேசியபோது, "ஏஞ்சலு எட்டு வருசம் நின்னுக்கினே இருந்தா நைனா. இப்பதான் ஒக்காந்தா. உன் வாயி அவள மறுபடியும் நிக்க வச்சிடும்" என்றான். எழுபத்து நாலு வருடத்தில் நான் கேட்ட பேச்சு எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இது ஒன்று மறந்தால் தேவலை.

இப்போது முக்கியமான சேதி. போன வாரம் ரோசம்மாள் ஜூலிக்குச் சோறு பிசைந்துகொண்டே, "யோவ், அப்பன் வழி பாத்த. ஆத்தா வழி பாத்தியா?" என்று கேட்டாள். பார்க்கவில்லை ஐயா! அப்பன் வழியில் தடை வந்ததும் பதறிப்போய் அங்கேயே நின்றுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஏஞ்சல் படித்ததைத் திரும்ப ஓட்டினேன். ஜூலியின் ஆத்தாவைப் பெற்றவள் லேடி என்று ஒரு நாய். பாரனைப் பெற்றவளும் அதே லேடிதான்! அப்படியென்றால் தங்கள் சீசரின் அப்பன், எங்கள் ஜூலியின் ஆத்தாவுக்கு அண்ணன். ஜூலிக்குத் தாய்மாமன். அதாவது பாரன் என்கிற ஒரே நாய், ஒரு வழியில் ஜூலிக்குப் பெரியப்பா, இன்னொரு வழியில் தாய்மாமன். சீசர் தாய்மாமன் மகன், கட்டிக்கொள்ளும் முறை. இரண்டு வழியிலும் சொந்தம் வந்தால் மனிதர்கள் என்ன செய்கிறார்கள்? சௌகரியமான வழியை வைத்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள். எங்கள் தெருவில் பாதிக் கல்யாணம் இப்படித்தான். அதுவும் அப்பன் யார் என்பது ஒருவர் சொல்லி ஒருவர் எழுதிக்கொள்வது, குட்டி எவள் வயிற்றிலிருந்து வந்தது என்பதைக் கண்ணால் பார்த்து எழுதலாம். ஆகவே ஆத்தா வழிதான் கெட்டி. உத்தரவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். தங்கள் வீட்டுப் பரம்பரையில் நான் சொன்ன குற்றத்தை, நானே வாபஸ் வாங்குகிறேன். உரக்கடைக்காரர்களையும் கூப்பிட்டு வையுங்கள், அவர்கள் எதிரிலேயே சொல்கிறேன்.

முந்தாநாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆறு மண்டை தெரிகிறது. மண்டையை எண்ணுகிறீர்களே, வாலை எண்ணினால் என்ன என்று கேட்டேன், வால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும் என்றார் டாக்டர். பிறந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் அரிசி அளவு ஒரு சில்லு வைப்பார்களாம், அதற்குள் அதன் நம்பர் இருக்குமாம். நாய் வளரும்போது அரிசியும் வளருமா என்று யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். ஏஞ்சல் பழைய புடவைகளைத் துவைத்துக் காயவைத்து, மூலையில் பலகை அடைத்து, சுவரில் நாள் எழுதி, தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எல்லாம் தயாராக இருக்கிறது. தங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. எனக்காகப் போடவேண்டாம். ஏஞ்சலுக்காகப் போடுங்கள். வெள்ளிக்கிழமை இம்மானுவேல் வருவான். என்னை அழைத்து வரமாட்டானாம். நல்லதுதான்.

அம்மாவுக்கு எங்கள் நால்வரின் கும்பிடு. மாடுகளைக் கேட்டதாகச் சொல்லவும். சீசருக்கு ஜூலியின் சார்பில் அன்பு. தங்கள் வீட்டில் நெல்லும் பாலும் குறையாமல், கோபம் மட்டும் குறைந்து, தாங்கள் நீடூழி வாழ மாதாவை வேண்டிக்கொள்ளும்,

பாக்கியநாதன்
(இடது கைப் பெருவிரல்)

மிக முக்கியமான பின்குறிப்பு: ஐயா, தயவுசெய்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்! பேனா கையில் இருந்தால் கீழே வையுங்கள். கவரில் போடுவதற்கு முன் சீசரின் பதிவு நம்பரையும் எழுதிவிடலாமே என்று ஏஞ்சல் காகிதத்தின் பின்பக்கப் படத்தைத் திறந்தாள். அங்கே உரிமையாளர் என்ற இடத்தில் 'திருமதி லட்சுமியம்மாள்' என்று இருக்கிறது. தங்கள் மகள் காயத்ரி, அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று சீசரை வாங்கிக் கொடுத்தபோது அம்மா பேரிலேயே பதிந்திருக்கிறது. நான் நாய்களின் பெயரைத்தான் படிக்கச் சொன்னேன், மனிதர் பெயரைப் படிக்கச் சொல்லவில்லை. படிக்காதது என் ஞாபகத்தில் எப்படி இருக்கும்? அந்தக் கட்டத்தில் தாங்கள் கையெழுத்துப் போட்டால் அடித்தல் திருத்தலாகி ஃபாரமே செல்லாமல் போய்விடும். ஏஞ்சல் உடனே அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, "எம்பேருல கீற நாய்க்கு அவரு எதுக்கும்மா மொறைச்சிக்கினு கீறாரு?" என்றார். பீரோ பூட்டியிருக்கிறதே என்றதற்கு, "சாவி எங்கிட்டதான் கீது. ஃபாரத்த எடுத்துக்கினு வெள்ளிக்கெழம நானே வரேன், உங்க ஊட்லயே ஒக்காந்து போட்டுக் குடுக்கறேன். மருமவளையும் பாக்கணும்ல?" என்றார். ஆகவே இந்தக் கடிதம் தங்களுக்கு எழுதியதே தப்பு. மறுபடியும் முதலிலிருந்து எழுத ஏஞ்சலுக்கு முதுகு இடம் கொடுக்காது. இதை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிடவும். ஐயா என்று வரும் இடங்களில் எல்லாம் அம்மா என்று மாற்றிப் படித்துக்கொள்ளச் சொல்லவும். கோபித்துக்கொண்ட இடங்களை மட்டும் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.